பழைய டுகாட்டி மான்ஸ்டர்: பார்த்து வாங்கி, ஓட்டி வந்து, பிரித்துச் சேர்ப்பது வரை

"பத்து வருஷத்துல ஒன்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு சார். ஷோரூம் கண்டிஷன்."

பெங்களூரில் 2012 மாடல் மான்ஸ்டர் 795ஐ எனக்கு விற்றவர் சொன்னது இது. கேட்டதும் உள்ளுக்குள் குதித்தேன். இப்போது யாராவது அப்படிச் சொன்னால் ஒரு அடி பின்னால் வைப்பேன். பத்து வருடத்தில் ஒன்பதாயிரம் என்றால் அந்த வண்டி ஓடவே இல்லை, நின்றிருக்கிறது என்று அர்த்தம். நிற்கிற வண்டியில் ரப்பர் காய்கிறது, சீல் இறுகுகிறது, பிரேக் எண்ணெய் ஈரத்தைக் குடிக்கிறது, பேட்டரி சாகிறது. டுகாட்டியில் இவை எல்லாமே காசு. 30,000 ஓடி, பில்லோடு சர்வீஸ் ஆன வண்டியும் 9,000 ஓடி மூடி வைத்த வண்டியும் ஒரே விலைக்கு வந்தால் நான் முதலாவதைத்தான் எடுப்பேன். அன்று எடுத்தது இரண்டாவது. அதனால் கற்றுக்கொண்டதுதான் கீழே இருப்பதில் பாதி.

ஏன் 795

இத்தாலிய பைக் என்றதும் பலருக்குக் கண்ணில் நிற்பது டுகாட்டியின் ஸ்போர்ட்ஸ் பைக்கான பனிகாலே. அழகு, சந்தேகமில்லை. ஆனால் தண்ணீர் குளிர்விப்பு, சிலிண்டருக்கு நான்கு வால்வு, கழற்றவே அரை நாள் எடுக்கும் ஃபேரிங் (வண்டியை மூடியிருக்கும் வெளிக்கவசம்) என்று அது வீட்டு ஷெட்டுக்கான வண்டி அல்ல. முதல்முறை கை வைக்கிறவருக்குக் காற்றில் குளிரும் பழைய மான்ஸ்டர்தான் சரி. ரேடியேட்டர் கிடையாது, சிலிண்டருக்கு இரண்டே வால்வு, இன்ஜின் கண்ணெதிரே திறந்து கிடக்கிறது.

795 ஆசியச் சந்தைக்காகத் தாய்லாந்து ஆலையில் பூட்டிய கலவை. 696, 796 என்ற மான்ஸ்டர் மாடல்களில் முன்னதின் உடம்பில் பின்னதின் 803 சிசி இன்ஜின், 87 குதிரைத்திறன். 2012ல் இங்கே வந்தபோது டெல்லி ஷோரூம் விலை 5.99 லட்சம். "ஒட்டுப்போட்ட வண்டி" என்று சிலர் மட்டம் தட்டுவார்கள். மிகேல் கலுட்சி வடிவமைத்து 1992 கொலோன் கண்காட்சியில் காட்டிய முதல் மான்ஸ்டரும் அலமாரியில் இருந்த பாகங்களைச் சேர்த்துச் செய்ததுதான். எனவே மரபு மாறவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

வாங்கும் முன் ஒரு விஷயம் புரிந்திருக்க வேண்டும். மற்ற பைக்குகளில் வால்வைத் திறப்பது கேம் (சுற்றும்போது வால்வைத் தள்ளும் மேடு), மூடுவது ஸ்பிரிங். டுகாட்டியின் டெஸ்மோ முறையில் மூடுவதற்கும் தனி ராக்கர் கை இருக்கிறது. ஃபேபியோ டல்யோனி 1950களில் அந்த நிறுவனத்துக்குக் கொண்டுவந்த ஏற்பாடு. அந்தக் கேம்களைச் சுற்றுவது இரண்டு ரப்பர் பெல்ட்கள். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், இன்ஜின் போச்சு. "கடைசியாக பெல்ட் எப்போது மாற்றினீர்கள்?" என்பதுதான் விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு வையுங்கள், விலையில் குறையுங்கள்.

பார்க்கப் போகும்போது

வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் குளிர்ந்த நிலையில் அது கிளம்பத் தகராறு பண்ணுகிறது என்று சந்தேகப்படலாம்.

கையில் ஒரு சின்ன மல்டிமீட்டர் இருக்கட்டும். அணைத்த நிலையில் பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். ஸ்டார்ட் செய்து மூவாயிரம், நாலாயிரம் ஆர்பிஎம்மில் பிடித்தால் பதினான்கை ஒட்டி வர வேண்டும். 13.5க்குக் கீழேயே நின்றால் ரெகுலேட்டர் (பேட்டரிக்கு ஏறும் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் பாகம்) அல்லது வயரிங்கில் கோளாறு. ரெகுலேட்டர் போவது டுகாட்டிக்காரர்களுக்குப் பழகிய தலைவலி. ஸ்டார்ட்டர் சோம்பேறித்தனமாகச் சுற்றினால் "பேட்டரி மாத்துனா சரியாயிடும் சார்" என்பார்கள். உண்மையாகவும் இருக்கலாம். அப்படியானால் அவரே மாற்றிவிட்டு விற்கட்டும்.

அடுத்தது டேங்க். மேலே பெயின்ட் அடித்துத் தெரிவது கவர். பெட்ரோல் இருப்பது உள்ளே உள்ள பிளாஸ்டிக் டேங்கில். எத்தனால் கலந்த பெட்ரோலில் இந்த பிளாஸ்டிக் மெல்ல உப்பும். அமெரிக்காவில் டுகாட்டி உரிமையாளர்கள் இதற்காக வழக்கே போட்டார்கள். இங்கே இப்போது பெட்ரோல் பங்குகளில் வருவது இ20, அதாவது நூற்றுக்கு இருபது எத்தனால். எனவே கவர்கள் ஒட்டி உட்கார்ந்திருக்கின்றனவா, இரண்டு பக்க இடைவெளியும் ஒன்றா, ஹேண்டில்பாரை முழுக்கத் திருப்பினால் எங்காவது உரசுகிறதா என்று பாருங்கள். உப்பிய டேங்க் தானாகப் பழைய அளவுக்குத் திரும்பாது.

கிளட்சைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பழைய டுகாட்டிகளில் உலர் கிளட்ச். லீவரை அழுத்தினால் சலங்கை மாதிரி கலகலக்கும், ரசிகர்கள் அதற்காகவே வாங்குவார்கள். 795ல் இருப்பது எண்ணெயில் மூழ்கிய கிளட்ச். அதில் கலகலச் சத்தம் வந்து, "டுகாட்டின்னா அப்படித்தான்" என்று விற்பவர் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். லீவரை மெதுவாக அழுத்தி அரை நிமிடம் பிடியுங்கள். உள்ளே இறங்கிக்கொண்டே போகக் கூடாது. ஹேண்டில்பாரில் இருக்கும் எண்ணெய்க் கிண்ணத்தைப் பாருங்கள். தேன் நிறத்துக்குள் இருந்தால் பரவாயில்லை. டிகாக்‌ஷன் நிறம் என்றால் வருடக்கணக்காக மாற்றவில்லை. இன்ஜினின் இடது பக்கம், முன் ஸ்பிராக்கெட் (செயினை இழுக்கும் பல்சக்கரம்) கவருக்குப் பக்கத்தில் விரலை விட்டுத் தடவுங்கள். லீவரிலிருந்து வரும் எண்ணெய் அழுத்தத்தை வாங்கி கிளட்சை விலக்கும் ஸ்லேவ் சிலிண்டர் அங்கேதான் இருக்கிறது. ஈரம் பட்டால் சீல் போயிருக்கிறது. இதைச் செய்யாமல் விட்டதற்கு நான் தர்மபுரியில் பதில் சொன்னேன், அது பின்னால் வருகிறது.

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014ன் 23வது வாரம். பட்டன் முழுசாக இருந்தாலும் பத்து வயதுக் கல் டயரில் மழையில் இறங்காதீர்கள். இன்னும் மூன்றைப் பாருங்கள்: ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் ஷாக் குழாய்கள்) சீலில் எண்ணெய்க் கசிவு, ஹேண்டில்பார் முட்டி நிற்கும் இடத்தில் நசுங்கல், குழாய்ச் சட்டத்தின் வெல்டிங் ஓரத்தில் பெயின்ட் வெடிப்பு. கடைசி இரண்டும் விழுந்த வண்டியின் அடையாளம். வெல்டிங்கில் வெடிப்பு இருந்தால் பேரமே வேண்டாம்.

சாவி இரண்டும் இருக்கின்றனவா? இரண்டாலும் ஸ்டார்ட் செய்து பாருங்கள். சாவிக்குள் சிப் இருக்கிறது. தெருமுனையில் நகல் போட முடியாது. கூடவே கோட் எழுதிய அட்டை ஒன்று கொடுத்திருப்பார்கள், அதையும் கேட்டு வாங்குங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது மூவாயிரம் ஆர்பிஎம்முக்குக் கீழே இன்ஜின் உதறும். அது பிறவிக் குணம், நோய் அல்ல. நாலாயிரத்துக்கு மேல் வழவழவென்று இழுக்க வேண்டும். வண்டியை நிறுத்தியபின் நியூட்ரல் விழ மறுத்தால் மறுபடி கிளட்ச் எண்ணெயைப் பாருங்கள்.

காகிதம்

வெளி மாநில வண்டி என்றால் வண்டியைவிட காகிதத்தில்தான் அதிகம் ஏமாறுவார்கள். அரசின் எம்பரிவாகன் ஆப்பில் பதிவு எண்ணைப் போட்டால் இன்ஷூரன்ஸ், கடன் அடமானம் போன்றவை தெரியும். நிலுவை அபராதத்தை இ-சலான் பக்கத்தில் பாருங்கள். அடமானம் இருந்தால் வங்கி கையெழுத்திட்ட படிவம் 35 வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். சேஸிஸ் எண்ணை நீங்களே குனிந்து படித்து ஆர்சியோடு ஒப்பிடுங்கள். இத்தாலியில் செய்த டுகாட்டிகளுக்கு அது இசட்-டி-எம் என்று தொடங்கும். தாய்லாந்தில் பூட்டிய 795ல் அப்படி இருக்காது, பதற வேண்டாம்.

வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்ற ஆர்டிஓ தரும் தடையின்மைச் சான்றான என்ஓசிக்கு விற்பவர் படிவம் 28 போட வேண்டும். சேஸிஸ் எண்ணின் பென்சில் பிரிண்ட்டை அப்போதே இரண்டு மூன்று எடுத்து வையுங்கள். உரிமை மாற்றத்துக்கு 29, 30. இன்ஷூரன்ஸைப் பதினான்கு நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள். நோ கிளெய்ம் போனஸ் அவருடையது, உங்களுக்கு வராது. இன்னொரு மாநிலத்தில் வண்டி பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இருந்தால் புதுப் பதிவு எண் கட்டாயம், அதற்குப் படிவம் 27. தமிழ்நாட்டில் சாலை வரி புதிதாகக் கட்ட வேண்டும். பழைய மாநிலத்தில் கட்டிய வரியில் மீதியைத் திருப்பிக் கேட்கலாம், கொஞ்சம் நடக்க வேண்டியிருக்கும். வரி எவ்வளவு என்பதை வாங்கும் முன்பே ஆர்டிஓவில் விசாரித்து, வண்டி விலையோடு கூட்டிப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. பதிவு பதினைந்து வருடம்தான் என்பதையும் மறக்க வேண்டாம்: 2012ல் பதிவான வண்டிக்கு 2027ல் புதுப்பிக்க வேண்டும், இறக்குமதி வண்டிக்கு அந்தக் கட்டணம் உள்ளூர் பைக்கைவிட அதிகம்.

வீட்டுக்கு ஓட்டி வருவது

நீண்ட நாள் நின்ற வண்டியை லாரியில் ஏற்றி அனுப்புவதுதான் புத்தி. பெல்ட்டின் வயது தெரியாமல் பெங்களூரிலிருந்து கோயம்புத்தூரில் என் வீட்டுக்கு முந்நூற்றைம்பது கிலோமீட்டர் ஓட்டுவது சூதாட்டம். எனக்கு அன்று அந்தப் புத்தி இல்லை. ஓட்டித்தான் தீருவேன் என்றால் குறைந்தபட்சம் இவற்றைச் செய்யுங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் பெல்ட் கவரைக் கழற்றி வெடிப்பு, பிசிறு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் லாரிதான். டேங்கில் கிடந்த பழைய பெட்ரோலை வடித்துவிட்டு 95 ஆக்டேன் நிரப்புங்கள். டயர் காற்று, செயின் எண்ணெய், இரண்டு பிரேக். பையில் ஆலன் கீ செட், 8 முதல் 14 வரை சாக்கெட், டியூப்லெஸ் பஞ்சர் கிட், ஃப்யூஸ், கேபிள் டை, பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஊற்றும் டாட் 4 எண்ணெய் ஒரு பாட்டில். கடைசியில் சொன்னது என்னிடம் இல்லை.

காலை ஐந்து மணிக்குக் கிளம்பினேன். ஓசூர் தாண்டும்போது இன்னும் இருட்டு. கிருஷ்ணகிரியில் டீ. எதிர்பார்த்ததைவிட வண்டி நன்றாகவே போனது, நானும் ஹெல்மெட்டுக்குள் பாடிக்கொண்டு வந்தேன். தர்மபுரிக்குள் திரும்பும்போது கிளட்ச் லீவர் விரலுக்கடியில் இளகியது. நன்கு பழுத்த வாழைப்பழத்தை அழுத்துகிற மாதிரி இருந்தது. அடுத்த சிக்னலில் நியூட்ரல் விழவில்லை. முதல் கியரிலேயே வண்டி முன்னால் தவழ, பிரேக்கைப் பிடித்ததும் அணைந்தது. குனிந்து பார்த்தால் இடது பூட்ஸ் மேல் எண்ணெய்.

ஒரு ஸ்பேர்ஸ் கடை திறக்கும் வரை காத்திருந்து டாட் 4 வாங்கினேன். கடைக்காரர் ஓர் ஓரமாக நின்று பார்த்துவிட்டு, "காரு பிரேக் ஆயில்தானுங்களே இது?" என்றார். அதேதான். கிண்ணத்தை நிரப்பி, லீவரை இருபது தடவை பம்ப் செய்ததும் பிடிப்பு திரும்பியது. ஐம்பது கிலோமீட்டருக்கு ஒருமுறை இதே சடங்கு. தொப்பூர் கணவாயில் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே கிளட்சைத் தொடவே இல்லை; மூன்றாவது கியரில் இன்ஜினை வைத்தே வேகத்தை அடக்கினேன். கிளட்ச் இல்லாமல் கியர் ஏற்றத் தெரிந்திருப்பது நல்லது: கியர் லீவருக்கு அடியில் காலை லேசாக அழுத்தி வைத்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை ஒரு கணம் விட்டால் தானாக ஏறும். சேலத்துக்குப் பிறகு பவானி, பெருந்துறை, அவினாசி என்று அகலச் சாலை, சிக்னல் குறைவு, தப்பித்தேன்.

இந்த வண்டியில் பெட்ரோல் முள் கிடையாது, ரிசர்வ் விளக்கு மட்டும்தான். ட்ரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்கிவிட்டு 180 கிலோமீட்டருக்கு ஒருமுறை நிரப்புங்கள். ஊருக்குள் நெரிசலில் பின் சிலிண்டரின் சூடு தொடையைச் சுடும். நீண்ட சிக்னலில் அணைத்துவிடுங்கள், வண்டிக்கும் நல்லது.

ஷெட்டில்

முதலில் கை வைக்க வேண்டியது திரவங்களில். இன்ஜின் எண்ணெய் 15டபிள்யூ-50 சிந்தெடிக், ஃபில்டரோடு. வலது பக்கக் கவரில் உள்ள கண்ணாடி வட்டத்தில் அளவு தெரியும். பைக்கை நேராக நிறுத்திப் பார்க்க வேண்டும், சைடு ஸ்டாண்டில் சாய்த்து அல்ல. முன், பின் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் புது டாட் 4. என் ஸ்லேவ் சிலிண்டரைக் கழற்றியபோது சீலின் உதடு பொடிப்பொடியாக வந்தது. உள்ளே கறுப்புச் சேறு. ஒன்பதாயிரம் கிலோமீட்டர் அந்தச் சீலை ஒன்றும் செய்யவில்லை. மாற்றாமல் விட்ட எண்ணெய்தான் தின்றிருக்கிறது.

அடுத்து பெல்ட். புது பெல்ட் வந்து சேரும் முன் பழையதைப் பிரிக்காதீர்கள். பாகம் வர வாரக்கணக்காகலாம். 797, ஸ்க்ராம்ப்ளர் இரண்டிலும் இதே 803 சிசி குடும்பம்தான், ஆனாலும் பாகம் எண்ணை ஒப்பிட்டே வாங்குங்கள். தயாரிப்பாளர் கணக்கு கிலோமீட்டர், வருடம் இரண்டையும் சொல்லும், எது முந்துகிறதோ அது. நான் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன்.

பின் சக்கரத்தைப் பேடாக் ஸ்டாண்டில் (சக்கரம் தரையில் படாமல் பைக்கை நேராக நிறுத்தும் தாங்கி) தூக்குங்கள். இரண்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றினால் இன்ஜின் இலகுவாகச் சுற்றும். மேல் கியரில் போட்டு, சக்கரத்தை ஓடுகிற திசையிலேயே கையால் சுற்றி, வலது பக்கப் புல்லிகளில் உள்ள குறிகளை அவற்றுக்கெதிரே உள்ள குறிகளோடு நேராக்குங்கள். குறி தெளிவாக இல்லையென்றால் வெள்ளை பெயின்ட்டால் நீங்களே ஒரு கோடு போடுங்கள். நான்கு பக்கத்திலிருந்தும் போட்டோ எடுத்து வையுங்கள். பிறகு பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைத் தளர்த்தி, பெல்ட்டை உருவி, புதியதை மாட்டலாம். புது பெல்ட்டை மடிக்கக் கூடாது, எண்ணெய்க் கையால் தொடக் கூடாது. வால்வு அழுத்தத்தில் புல்லி சட்டென்று நகர்ந்தால் பதறாமல் பழைய குறிக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள்.

டென்ஷன் வைப்பதுதான் கலை. பெல்ட்டை வீணைத் தந்தி மாதிரி சுண்டிவிட்டு அதன் அதிர்வை போன் ஆப்பில் அளக்கலாம். உங்கள் மாடலுக்கு எத்தனை ஹெர்ட்ஸ் என்பதைப் பட்டறைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். அதிக இறுக்கம் பேரிங்கைத் தின்னும், தளர்ந்தால் பல் தாண்டும். பூட்டியபின் ஸ்டார்ட்டரைத் தொடாமல் சக்கரத்தால் இன்ஜினை நாலைந்து சுற்றுச் சுற்றுங்கள். எங்காவது முட்டினால் அங்கேயே நிறுத்துங்கள். குறிகள் மறுபடி நேரே வந்தால் டென்ஷனை இன்னொரு முறை அளந்துவிட்டுத்தான் கவர்.

அந்தக் கவரில்தான் நான் மாட்டிக்கொண்டேன். முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச் கையிலேயே இருந்தும், இந்தச் சின்ன போல்ட்டுக்கு எதற்கு என்று கைக்கணக்கில் முறுக்கினேன். ஒரு கணம் இறுகியது, அடுத்த கணம் வெண்ணெயில் சுற்றுகிற மாதிரி சுற்றியது. மரை போயிற்று. கோயம்புத்தூரில் இருப்பதன் லாபம், கூப்பிடு தூரத்தில் லேத் பட்டறை. அங்கே இருந்த பெரியவர் பார்த்துவிட்டு, "ஏந்தம்பி, அலுமினியத்தப் போயி இந்த முறுக்கு முறுக்குனா தாங்குமா?" என்றபடியே ஹெலிகாயில் (போன மரைக்குப் பதிலாக உள்ளே பொருத்தும் கம்பிச் சுருள்) போட்டுக் கொடுத்தார். அன்றிலிருந்து ஆறு எம்எம் போல்ட்டுக்கும் டார்க் ரென்ச்தான்.

வால்வு இடைவெளியை 12,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். திறக்கும் பக்கம், மூடும் பக்கம் இரண்டுக்கும் தனித்தனி ஷிம் (இடைவெளியைச் சரிசெய்ய வைக்கும் சின்ன உலோகத் துண்டு). மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு வித்தியாசத்தில் விளையாட்டு. அளப்பதை நீங்கள் செய்யலாம். ஷிம் மாற்றும் வேலையை முதல் தடவை தெரிந்தவர் கையில் கொடுத்துப் பக்கத்தில் நின்று பாருங்கள். சர்வீஸ் விளக்கை அணைக்கவும் கணினிக் கருவி தேவைப்படும், இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம்.

மாற்றங்களில் காசுக்குப் பலன் தந்தது ஒன்றே ஒன்று: முன் ஸ்பிராக்கெட்டைப் பதினைந்து பல்லிலிருந்து பதினான்குக்கு மாற்றியது. ஊருக்குள் உதறல் பாதியாகக் குறைந்தது. நெடுஞ்சாலையில் ஆர்பிஎம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். மாற்றியதும் செயின் தளர்வைப் பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் சொல்கிறபடி வையுங்கள். 795ல் இரு பக்கமும் பிடித்த சாதாரண ஸ்விங்ஆர்ம், அச்சு நட்டைத் தளர்த்திச் சரிசெய்யலாம். 796ல் ஒரு பக்க ஸ்விங்ஆர்ம். ஹப்பைத் திருப்பத் தனி ஸ்பேனர் வேண்டும். சைலன்சர் மாற்றச் சொல்லி எல்லோரும் உசுப்புவார்கள். நான் மாற்றவில்லை. அண்டை வீட்டில் கைக்குழந்தை, தெருமுனையில் போக்குவரத்துப் போலீஸ்.

டேங்குக்காக ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். முழு டேங்கோடு நிறுத்துவதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் ஊரில் இல்லையென்றால் வடித்துவிடுவேன். மற்றபடி பத்து நாளுக்கு ஒருமுறையாவது நாற்பது கிலோமீட்டர், எண்ணெய் நன்கு சூடாகும் வரை. ஷெட்டிலேயே ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதில் பேட்டரியும் ஏறாது, உள்ளே கூடும் ஈரமும் காயாது. ஓடோமீட்டர் இப்போது 22,400. நான் மாற்றிய பெல்ட்டுக்கு வருகிற மாதம் மூன்று வயது முடிகிறது, புது செட்டுக்கு ஆர்டர் போட்டாயிற்று.